சாம்பிள் கருவி வாங்குமுன் தோடி வாசித்துப் பாருங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்களுக்கு வருகிற வேலை பெரும்பாலும் கோயில் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி, அரங்கேற்றத்துக்கு ஒரு டிராக் என்றுதான் இருக்கும். எதை எடுத்தாலும் நாயனமும் (நாதஸ்வரம்) தவிலும் கேட்பார்கள். அதற்காகச் சாம்பிள் லைப்ரரிகளை, அதாவது உண்மையான கருவியின் ஸ்வரங்களைப் பதிந்து கீபோர்டில் வாசிக்கத் தரும் ஒலித் தொகுப்புகளைத் தேடி, சோதித்து, சிலவற்றை வைத்துக்கொண்டு பலவற்றைத் தள்ளினோம். கடைசியில் நாயனத்தை மட்டும் நாங்களே பதிவு செய்து கருவியாகக் கட்டினோம். இதே வழியில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

பியானோ, பேஸ் கிட்டார், பின்னால் நிற்கும் ஸ்டிரிங்ஸ் இவற்றுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். டீசன்ட் சாம்ப்ளர், ஸ்ஃபோர்சாண்டோ இரண்டும் லைப்ரரியைத் திறந்து ஓட்டும் இலவச பிளேயர்கள். அவற்றில் ஓடும் இலவச லைப்ரரிகளே பக்திப் பாட்டுக்குப் போதும்.

கான்டாக்ட் என்ற மென்பொருளில் ஓடும் லைப்ரரி வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கான்டாக்டில் முழுப் பதிப்பு வேறு, இலவச பிளேயர் வேறு. முழுப் பதிப்புக்கென்று செய்த லைப்ரரியை இலவச பிளேயரில் திறந்தால் 15 நிமிடம் மட்டும் டெமோவாக ஓடி நின்றுவிடும். லைப்ரரி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அதை ஓட்டுவதற்குப் பல மடங்கு விலையில் கான்டாக்ட் வாங்க வேண்டிவரும். புதிய பதிப்பில் சேமித்த லைப்ரரி பழைய பதிப்பில் திறக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜிபி கணக்கை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு நிமிட ஒலிக்குச் சுமார் 17 எம்பி. அதே வாசிப்பை நான்கு இடங்களில் மைக் வைத்துப் பதிந்து, நான்கு மைக் நிலைகளில் கொடுத்தால் அளவு நான்கு மடங்காகும், கருவிக்குப் புதிதாக எந்தத் திறமையும் வந்துவிடாது. நெருக்கமான மிக்ஸில் ஒரு மைக் நிலை போதும். இறக்குவதற்கு முன் ஹார்ட் டிஸ்கில் இரண்டு மடங்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், விரிக்கும்போது பல லைப்ரரிகளுக்கு அது தேவைப்படும்.

உண்மையான தேர்வு இரண்டு சோதனைகளில் இருக்கிறது. முதலாவது, ஒரே ஸ்வரத்தை ஒரே அழுத்தத்தில் எட்டு முறை தட்டுவது. ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரே ஒலி வந்தால் அதில் ரவுண்ட் ராபின் இல்லை, அதாவது ஒரே சாம்பிள்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. தாளக் கருவிக்கு இது பெரிய குறை. பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஸ்ட்ரிங் பேட் போன்றவற்றுக்குப் பரவாயில்லை.

இரண்டாவது, தோடி ராகம். இரண்டு கட்டை சுருதியில் ஸா (ஸட்ஜம்) என்பது கீபோர்டில் டி. தோடியின் காந்தாரம் எஃப் என்று கீபோர்டு சொல்லும். பாட்டில் அது எஃப்-இல் நிற்பதில்லை. கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்யமத்துக்கும் நடுவில், அதாவது ஈ ஃப்ளாட்டுக்கும் ஜி-க்கும் இடையில் அசைந்துகொண்டே இருக்கும். இருபுறமும் இரண்டிரண்டு செமிடோன் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் ஒரு செமிடோன்). ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கிற பிட்ச் வீலின் வழக்கமான எல்லையும் இருபுறமும் 2 செமிடோன்தான், ஆகவே இந்த அசைவு அதற்குள் மட்டுமட்டாக அடங்கிவிடும். பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஒரு ஜாரு (வழுக்கல்) போட்டால் 5 செமிடோன் வேண்டும், அங்கே வீல் முட்டி நிற்கும். எல்லையை 12-க்கு மாற்ற முடிகிற கருவியையே எடுங்கள். கருவியில் 12 என்று வைத்தால் போதாது, பிட்ச் வளைவை வரைகிற மென்பொருளுக்கும் அதையே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திரையில் தெரிகிற ஸ்வரம் ஒன்று, காதில் விழுகிற ஸ்வரம் வேறு. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் வீலின் நடுப்புள்ளியிலிருந்து மேலே சுமார் 8192 படிகள் உண்டு. 12 செமிடோனுக்குப் பங்கிட்டால் ஒரு செமிடோனுக்கு 683 வரும். கமகத்துக்கு (ஸ்வர அசைவுக்கு) இந்த நுணுக்கம் தாராளம்.

எல்லை கிடைத்தாலும் பல லைப்ரரிகள் இந்தச் சோதனையில் தோற்கின்றன. பதிவிலேயே வைப்ரேட்டோ (ஸ்வர நடுக்கம்) ஏறியிருந்தால், மேலே வளைக்கும்போது அதுவும் வேகமெடுத்து நடுங்கும். சாம்பிளை இரண்டு மூன்று செமிடோன் தாண்டி இழுத்தால் கருவியின் உடல்வாகே மாறி, ஒலி சிறுத்துப் போகும். மேற்கத்திய வயலின் லைப்ரரிகளில் லெகாட்டோ என்று இருப்பது, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒலியைத் தனியே பதிந்து கீபோர்டின் இரண்டு கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது இயக்குவது. அது அவர்கள் இசைக்கு மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஒரே விரலை வழுக்கி வாசிக்கும் நம் வயலினுக்கு அது ஒத்துவராது. சில லைப்ரரிகளின் ஸ்கிரிப்ட் (உள்ளே எழுதிய நிரல்) பிட்ச் வீலைத் தன் வேலைக்கே எடுத்துக்கொள்ளும், அங்கே நீங்கள் வரைந்த வளைவு வேலை செய்யாது. டெமோ பாட்டுகளில் இது எதுவும் தெரியாது. உங்கள் சொற்றொடரை உங்கள் கையால் வாசித்துக் கேட்டால்தான் தெரியும்.

தம்புராவுக்கு மேல் நீட்டி நிறுத்துகிற ஸ்வரங்களில் இன்னொரு சிக்கல். கீபோர்டின் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட் (ஒரு செமிடோன் என்பது 100 சென்ட்). தம்புரா நாதத்தோடு கலந்து நிற்கும் காந்தாரம் 386 சென்ட். இந்த 14 சென்ட் வித்தியாசம் வேகமான பாட்டில் ஓடிவிடும், சங்கராபரணத்தில் காந்தாரத்தை நிறுத்தினால் உறுத்தும். ஸ்வரவாரியாகச் சுருதி திருத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தவிலுக்கு வருவோம். இந்தியத் தாள வாத்தியம் என்று விற்கும் தொகுப்புகளில் தபலா தாராளமாக இருக்கும், மிருதங்கம் ஓரளவு இருக்கும், தவில் அரிது. கிடைத்தாலும் பெரும்பாலும் லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டாகக் கிடைக்கும். நான்கு மாத்திரைக்குப் பூட்டிய லூப்பை மிஸ்ர சாப்பின் ஏழுக்குள் திணிக்க முடியாது. தனித்தனிச் சொற்களாக (அடிகளாக) உள்ளதையே தேடுங்கள். வலந்தலையில் (தவிலின் வலது முகம்) கூடு போட்ட விரல்கள் பொழிகிற வேகத்துக்கு ஒரு சொல்லுக்கு ஆறு ரவுண்ட் ராபினாவது இல்லாவிட்டால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். தொப்பியில் (இடது முகம்) குச்சி அடி திறந்ததும் அமுக்கியதும் தனித்தனியே வேண்டும். திருவாரூர்க் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்தை (ஐந்து முகமுள்ள தாளக் கருவி) யாராவது முறையாகப் பதிந்து கருவியாக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

நாயனம் இல்லாத தொகுப்பில் ஷெனாயை இறக்கி வாசிக்கலாம் என்று தோன்றும். ஆகாது. ஷெனாய் சிறியது, மேல் சுருதிக்காரன். இரண்டு கட்டைக்கு இறக்கினால் மூக்கடைத்த ஒலிதான் வரும். இன்று நம் காது எதிர்பார்ப்பது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தை. முன்பு உயர்ந்த சுருதியில் திமிரி நாயனம் முழங்கிய இடத்தில், நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியை நிலைநிறுத்தினார். ஆச்சா மரத்தில் அதைக் கடைகிற நரசிங்கம்பேட்டை கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருவியும் வித்வான்களும் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கும்போது சொந்தமாகப் பதிவு செய்வதே சரியான வழி.

நாள் பார்ப்பதுதான் முதல் வேலை. முகூர்த்த மாதங்களில் நாயனக்காரர் கிடைக்க மாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடாது. ஐப்பசி அடைமழையில் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம். புரட்டாசியில் வார நாள் முற்பகல், அல்லது மார்கழியில் காலைப் பூஜை முடிந்த பிறகு நல்லது. ஃபேன், ஃப்ரிட்ஜ், பக்கத்து போர் மோட்டார் எல்லாம் நிற்க வேண்டும்.

மைக்கை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, அணசுக்கு (நாயனத்தின் அகன்ற வாய்) நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நாயனத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. கிட்டே வைத்தால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் அளவு எகிறும். உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நிற்கட்டும். சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) ஊறி, கருவி சூடேறும்வரை சுருதி நகர்ந்துகொண்டிருக்கும், அந்த நேரத்துப் பதிவை வைத்துக்கொள்ள வேண்டாம். சுருதிப் பெட்டியை ஹெட்ஃபோனில் கொடுங்கள். ஸ்பீக்கரில் வைத்தால் எல்லாச் சாம்பிளிலும் அதுவும் பதிந்துவிடும்.

கைப்பழக்கத்தில் வித்வான் எந்த ஸ்வரத்தையும் அசைத்தே ஊதுவார். ‘ஒத்து ஊதுகிற மாதிரி வேணும்ணே’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார், ஒத்து என்பது ஒரே ஸ்வரத்தை அசையாமல் பிடிப்பதுதானே. அசைவில்லாமல் ஆறு விநாடி நீளமாக ஒன்று, துத்துக்காரத்தோடு (நாக்கால் தட்டி) குட்டையாக நான்கு. இரண்டரை ஸ்தாயிக்குச் சுமார் 30 ஸ்வரம் என்றால் 150 சாம்பிள். மெதுவாக ஊதுவது என்பது நாயனத்தில் அவ்வளவாக இல்லாததால் அழுத்த அடுக்கு (மெதுவாகவும் உரக்கவும் ஊதித் தனித்தனியே பதிவது) இரண்டு இருந்தாலே அதிகம். பிருகாக்களை (வேகமான ஸ்வரக் கோவைகளை) வளைவாக வரைந்து ஒப்பேற்ற முடியாது, அவற்றை முழுச் சொற்றொடராகவே தனியே பதியுங்கள்.

வெட்டும்போது முன்னால் உள்ள மௌனத்தை நீக்குங்கள், காற்று பிடிக்கிற அந்தச் சின்ன உரசலை வெட்டிவிடாதீர்கள். நீள ஸ்வரத்தின் லூப் இரண்டு விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும், குறைந்தால் துடிப்பு தெரியும். சாம்பிள்களைக் கருவியாகக் கட்டுகிற எஸ்எஃப்இசட் கோப்பில் வளைவு எல்லை சென்ட் கணக்கில் எழுதப்படும். இருபுறமும் 200 என்று தானாக இருப்பதை 1200 ஆக்க வேண்டும். கோப்புகளுக்கு மிடி எண்ணால் பெயர் வையுங்கள். எண் 60-ஐ ஒரு மென்பொருள் சி3 என்றும் இன்னொன்று சி4 என்றும் சொல்வதால், எழுத்துப் பெயரை நம்பினால் ஒரு ஸ்தாயி தள்ளிப்போகும்.

பணம் பேசும்போது ஒரு பாட்டுக்கான சம்பளத்தைக் கொடுத்து முடித்துவிடக் கூடாது. அவர் ஊதிய ஒலி அவர் வராத பாட்டுகளிலும் ஒலிக்கப் போகிறது. அதை முன்கூட்டியே சொல்லி, எந்த வேலைகளுக்குப் பயன்படும், வெளியே விற்கலாமா என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கி, அதற்கேற்ற தொகையைக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய லைப்ரரிகளிலும் உரிமம் படியுங்கள். பாட்டில் பயன்படுத்த அனுமதிக்கும் பெரும்பாலான உரிமங்கள், அந்தச் சாம்பிளை எடுத்து வேறு லைப்ரரி செய்ய அனுமதிப்பதில்லை. மெட்டுள்ள லூப்பை மட்டும் நம்பிப் பாட்டு செய்தால், அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் முதலில் பதிவு செய்துவிட்டு யூடியூபில் உங்கள் பாட்டின்மேல் உரிமை கோர இடமுண்டு. லூப்பின் மேல் உங்கள் மெட்டு ஓடட்டும், பாட்டு செய்த மென்பொருளின் திட்டக் கோப்பைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.