டாங்க்கில் கிடந்த 3 வருடப் பெட்ரோல்

போன வருடம் ஏப்ரலில் ஒரு பழைய படகு வாங்கினேன். 17 அடி அலுமினியப் படகு, பின்னால் வெளிப்பக்கம் மாட்டுகிற 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், டிரெய்லரும் சேர்த்து. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி, மே மாதம் மீன்பிடி சீசன் தொடங்கியதும் தெருவில் பாதிப் பேர் படகை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், நான் மட்டும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சரி, வாங்கியாச்சு. விற்றவர் நல்ல மனிதர்தான். "டாங்க்கில் பாதிக்குப் பெட்ரோல் இருக்கு, அதுக்குக் காசு வேண்டாம்" என்றார். அந்த ஓசிப் பெட்ரோல் என்னுடைய இரண்டு வாரத்தைத் தின்றது.

படகு அவர் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போட்டு 3 வருடம் சும்மா நின்றிருக்கிறது. எப்போது கடைசியாகப் பெட்ரோல் போட்டீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மோட்டார் சூடேறாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயை அதில் மாட்டி ஸ்டார்ட் செய்தால் இருமிற்று, புகைந்தது, நின்றது. உடனே நான் செய்த முட்டாள்தனம், கடைக்குப் போய் ஸ்டெபிலைசர் வாங்கி, போடச் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு ஊற்றியது. ஸ்டெபிலைசர் என்பது புதுப் பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும் மருந்து. கெட்டுப்போன பெட்ரோலை அது மீட்டுக் கொண்டுவராது. புளித்துப் போன மாவில் உப்புப் போட்டுப் பயன் என்ன? பாட்டிலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அப்புறம்தான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டாங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க வெளியே வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே கட்டன் சாயா நிறத்தில் ஒன்று, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக இன்னொன்று, நடுவே கோடு கிழித்த மாதிரி. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை, மொத்தத்தையும் வெளியே எடுக்க வேண்டியதுதான்.

அது ஏன் பிரிகிறது என்றால், இங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். சுமார் 15 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீர் வரை தாங்கும், குளிர் ஏற ஏற அதுவும் குறையும். என் டாங்க்கில் இருந்தது சுமார் 40 லிட்டர். அப்படியென்றால் ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி, போதும். அந்த ஒரு டம்ளர் தாண்டினால் தண்ணீர் தனியாகக் கீழே இறங்குவதில்லை, எத்தனாலையும் கையோடு இழுத்துக்கொண்டு இறங்குகிறது, அதனால் அடியில் சேருவது லிட்டர் கணக்கில் இருக்கும். மோட்டாருக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடிப்பகுதிக்குப் பக்கத்திலிருந்துதான். மேலே மிஞ்சுகிற பெட்ரோலோ எத்தனால் போனதால் ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டல் இல்லாமல் எரியும் தரம், குறைந்து கிடக்கும். குலுக்கினாலும் திரும்பச் சேராது. இது போக, 3 வருடத்தில் எளிதில் ஆவியாகும் பகுதியெல்லாம் பறந்துபோய் ஸ்டார்ட் ஆகும் குணமே போயிருக்கும், மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? யாரைக் கேட்டாலும் காற்றின் ஈரம் என்கிறார்கள். கொஞ்சம் வரும்தான், படகு டாங்க்குக்கு மூச்சுவிடும் குழாய் உண்டு. ஆனால் என் படகில் மேல்தட்டில் இருக்கிற பெட்ரோல் மூடியைத் திருகிப் பார்த்தபோது அதன் ரப்பர் வளையம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. மழையும் உருகின பனியும் 3 வருடம் நேராக உள்ளே இறங்கியிருக்கின்றன. உங்கள் படகில் முதலில் அதைப் பாருங்கள்.

எடுப்பது எப்படி என்பதில்தான் அதிகம் பாடுபட்டேன். குழாயை விட்டுத் தானாக வடியவிடலாம் என்று நினைத்தேன், வடியவில்லை. டாங்க்கிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, குழாய் அறுந்தால் பெட்ரோல் படகுக்குள் கொட்டாமல் தடுப்பதற்கு. மோட்டார் இழுத்தால் விடும், தானாக விடாது. மோட்டாருக்குப் பெட்ரோலை ஏற்றுவதற்காகக் குழாயின் நடுவே இருக்கிற ரப்பர் உருண்டையைக் கையால் அமுக்கி அமுக்கி ஒரு கேன் நிரப்புவதற்குள் உள்ளங்கை வீங்கிப்போயிற்று. அதோடு உறிஞ்சுகுழாய் தரையைத் தொடாது, கொஞ்சம் மேலேயே நிற்கும், நமக்கு வேண்டிய கசடு அதற்கும் கீழே. கடைசியில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை மாட்டியிருக்கும் தட்டைக் கழற்றினேன், ஐந்து திருகு. அந்த ஓட்டை வழியாகக் கைப்பம்பை இறக்கி, டிரெய்லரின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, எல்லாம் பின்மூலைக்கு வந்து சேர்ந்த பிறகு அடி வரைக்கும் எடுத்தேன்.

இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து வெட்டவெளியில் செய்யுங்கள், கராஜுக்குள் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடிக்குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மினசோட்டாக் குளிரிலும் ஒரு பொறி போதும். பேட்டரி வயரை முதலில் கழற்றிவிட வேண்டும். கேனை வண்டிக்குள் வைத்து நிரப்பக் கூடாது, தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும், நிலைமின்சாரம் விளையாடும். கடையில் கிடைக்கிற சாதாரண மின்சாரப் பம்பு, தூசி இழுக்கிற மிஷின் இதெல்லாம் பக்கத்திலேயே வரக் கூடாது. அப்புறம் ஊரில் பைக் டாங்க்கில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சுவோமே, அதையும் மறந்துவிடுங்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

இரண்டு கேன் நிரம்பிற்று, மூன்றாவதில் அடிக்கசடு. மூன்றையும் ஹென்னபின் கவுன்ட்டி நடத்துகிற புரூக்ளின் பார்க் கழிவு மையத்தில் கொடுத்தேன். வீட்டு அபாயக் கழிவு வாங்குகிற இடம். கொஞ்சம் கொஞ்சமாகப் புல்வெட்டும் மிஷினுக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆறு மாதப் பெட்ரோல், தெளிவாக இருக்கிறது என்றால் புதியதோடு கலந்து தீர்ப்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. இரண்டாகப் பிரிந்ததை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு கூடாது.

மிச்சம் எல்லாம் வழக்கமான வேலை. தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் புதியது, ரப்பர் குழாய் புதியது, மூன்று கார்புரேட்டரையும் கழற்றி ஜெட் என்கிற பொடி ஓட்டைகளில் அடைத்திருந்த பிசினைச் சுத்தம் செய்ய ஒரு சனி ஞாயிறு. மூடிக்கு வளையம் சில டாலர்தான்.

இப்போது எத்தனால் இல்லாத 91 ஆக்டேன்தான் போடுகிறேன். இந்த மாநிலத்தில் படகு, பனிவண்டி, பழங்கால கார், சின்ன எஞ்சின் மாதிரியானவற்றுக்கு மட்டும் என்று பம்பிலேயே ஒட்டி விற்கிறார்கள், விலை கூடுதல்தான். அக்டோபரில் படகை மூடும்போது புதுப் பெட்ரோலில் ஸ்டெபிலைசரைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை போகட்டும் என்று பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் நிறுத்தினேன். இந்த மே மாதம் மறுபடி ஊறுகாய் பாட்டில் பரீட்சை. ஒரே நிறம், கோடு இல்லை. இரண்டாவது முறை சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

தூத்துக்குடியில் மாமாவுக்கு வள்ளம் இருக்கிறது, டீசல் எஞ்சின், இந்த எத்தனால் தொல்லை அவருக்குத் தெரியாது. போனில் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த 40 லிட்டர என்ன செஞ்ச மருமவனே?" என்றார். அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டேன் என்றேன். "சும்மாவா குடுத்த?" என்று கேட்டார், அதற்குப் பிறகு வேறெதுவும் பேசாமல் அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டார்.