எமலிங்கம் எப்போது கடந்தது?

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியில்தான் போக வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்சி. கூட்டத்தில் நசுங்கினால்தான் அவருக்குக் கிரிவலம் போன மாதிரி இருக்கும். இந்த முறை என் பிடிவாதம் ஜெயித்து, ஒரு சாதாரண புதன்கிழமையில் போனோம்.

எனக்குக் கூட்டம் வேண்டாம். ஏற்கெனவே மண்டைக்குள் போதுமான கூட்டம் இருந்தது. அலுவலகத்தில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். நாலு மாதமாகிறது. குளிக்கும்போதும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் அதற்குப் பதில் தயாரித்துக்கொண்டே இருப்பேன். முப்பது பதிலாவது சேர்ந்திருக்கும். எல்லாமே பிரமாதமானவை. ஒன்றைக்கூட அவரிடம் சொன்னதில்லை.

முதல் நாள் மாலை ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் போய் உட்கார்ந்தேன். 1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயதில் இந்த ஊருக்கு வந்தவர் ரமணர். 1950 ஏப்ரல் 14-ல் உடலை விடும்வரை இங்கிருந்து நகரவே இல்லை. விருபாட்ச குகை, கந்தாசிரமம், கடைசியில் அடிவாரம் என்று இடம் மாறியதெல்லாம் இந்த மலைக்குள்தான். அவர் சாய்ந்திருந்த சோபாவில் இப்போது அவருடைய படம் இருக்கிறது. அதைப் பார்த்தபடி கண்ணை மூடினேன். வெளியே மயில் அகவியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது கால் மரத்திருந்தது, புதிதாக இரண்டு பதில்கள் தயாராகியிருந்தன. தியானம் அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். 217 அடி உயரக் கோபுரம் இருட்டில் பாதிதான் தெரிந்தது. சுற்று 14 கிலோமீட்டர், வெறுங்கால். நிறைமாத கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல மெதுவாக நடக்க வேண்டும் என்று சொல்வார்கள். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் அந்த விதியை மீறும் ஆபத்து எங்களுக்கு இல்லை. வழியில் பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மலையைச் சுற்றியிருக்கும் எட்டு லிங்க சந்நிதிகளில் முதலாவதான இந்திரலிங்கம் வருவதற்குள் மூன்று கல்யாணக் கதை சொல்லி முடித்தார்.

அக்னிலிங்கத்துக்கு அப்புறம் அவரும் அடங்கினார். செங்கம் சாலை. அவ்வப்போது ஒரு லாரி. மலை வலது பக்கத்தில் கன்னங்கரேலென்று கூடவே வந்தது.

நிருதிலிங்கத்தில் கும்பிட்டுத் திரும்பும்போது, “நாலு ஆச்சுடி, இன்னும் நாலு” என்றார்.

“மூணுதானே பெரியம்மா? எமலிங்கம் இன்னும் வரலையே.”

“என்னடி சொல்ற? எமலிங்கத்துல என் பக்கத்துலதான நின்ன? என் கையிலேர்ந்து திருநீறு எடுத்து இட்டுக்கிட்டியே!”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் சாம்பல் ஒட்டியது.

கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்நிதிக்குப் போயிருக்கிறேன், கை கூப்பியிருக்கிறேன், திருநீறு பூசியிருக்கிறேன். நான் மட்டும் அங்கே இல்லை. நான் அலுவலகத்தின் அந்தக் கூட்ட அறையில் எழுந்து நின்று முப்பத்து மூன்றாவது பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்ணம் எழும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், ‘இது யாருக்கு?’ என்று கேள், ‘எனக்கு’ என்று பதில் வந்தால் அந்த நான் யார் என்று பார் என்பது ரமணர் காட்டிய விசாரம். பல வருடமாகத் தெரிந்த விஷயம்தான். நாலு பேருக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த வார்த்தை சுட்டது யாரை? என்னை. எந்த என்னை? திருநீறு பூசிக்கொண்டவளையா, பூசியதே தெரியாதவளையா?

ஞானமெல்லாம் வந்துவிடவில்லை. தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் ஆள், அறைக்குள் யாரோ வந்துவிட்டதைக் கண்டு சட்டென்று வாயை மூடுவார் இல்லையா, அதுபோல உள்ளே ஓடிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. நின்ற இடத்தில் உள்ளங்கால் தெரிந்தது. பொடிக்கற்கள், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தின் ஈரம், இடது குதிகாலில் ஒரு முள் கீறல். அது எப்போது கீறியது என்றும் தெரியவில்லை.

இருபது அடி நடப்பேன், குரல் திரும்பும். யாருக்கு என்று கேட்பேன், போய்விடும். மறுபடி பத்து அடி. வருணலிங்கம் தாண்டி ஆதி அண்ணாமலை கோயில் வரை இதே வேலை. அதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. கிழக்கிலிருந்து பார்த்த ஒற்றைச் சிகரம் இந்தப் பக்கம் வேறு மலைபோல விரிந்து கிடந்தது. ஒரு குரங்கு பெரியம்மாவின் பையிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்துப் போனது. முழுசாகப் பார்த்தேன், அது தோலை உரித்த விதம் உட்பட.

குபேரலிங்கத்தில் மட்டும் சாதாரண நாளிலும் வரிசை. பணம் தருபவர் சந்நிதியில் அது ஆச்சரியமில்லை. குறுகலான இடுக்கு வழியே உடம்பை நுழைத்து வெளியே வர வேண்டிய இடுக்குப் பிள்ளையாரில் நுழையப்போன பெரியம்மாவைக் கெஞ்சித் தடுத்தேன்.

மதியம் பஸ்ஸில் செஞ்சிக் கோட்டை தெரிய ஆரம்பித்தபோது அந்த வார்த்தை வந்தது, அதே குரலில், அதே ஏளனத்தோடு. வரட்டும் என்று கேட்டேன். “என்னடி, தனியா சிரிக்கிற?” என்றார் பெரியம்மா, கண்ணைத் திறக்காமலே.