2320 மீட்டரும் 6960 மீட்டரும்

வெளியே பனி இன்னும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. மார்ச் பிறந்துவிட்டது என்பது காலண்டருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிட்டு, அல்கோன்குவின் பூங்காவின் கனூ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லியான படகு) வரைபடத்தை விரித்திருக்கிறோம். நாலு மூலையிலும் ஊறுகாய் பாட்டில், உப்பு டப்பா, என் கண்ணாடிக் கூடு, மகளின் கால்குலேட்டர். கால்குலேட்டர் அங்கே ஏன் இருக்கிறது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

கனடாவில் டொரோண்டோவிலிருந்து வடக்கே சுமார் மூன்று மணி நேரக் கார்ப் பயணம் அல்கோன்குவின். 1893இல் தொடங்கிய பூங்கா, 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பூங்கா என்றதும் ஊஞ்சலும் பெஞ்சும் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். இது காடு. தெற்கு ஓரத்தில் 60ஆம் எண் நெடுஞ்சாலை 56 கிலோமீட்டருக்கு ஊடே ஓடுகிறது. அதிலிருந்து உள்ளே போகப் போக வெறும் ஏரிகள், ஓடைகள், அவற்றுக்கு நடுவே மரங்கள். கனூ போகும் வழிகளை மட்டும் கூட்டினால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். வரைபடத்தில் ஏரிகள் நீலமாக இருக்கும். ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே சின்னக் கோடு, அதன் பக்கத்தில் ஒரு எண். 295, 240, 590 என்று. அந்த எண்தான் எல்லாமே.

அது மீட்டர் கணக்கு. ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை கனூவையும் மூட்டை முடிச்சுகளையும் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தூரம். இங்கே இதைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். எனக்கு இது புதிதில்லை. நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். ஒகேனக்கல்லில் சவாரி முடித்த பரிசல்காரர்கள் பரிசலைத் தலைக்கு மேலே கவிழ்த்துக்கொண்டு பாறை மேலே நடந்து திரும்புவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய காளானுக்குக் கால் முளைத்து நடப்பதுபோல இருக்கும். கனூவைத் தூக்குவதும் அதேதான். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், அது தோள்பட்டையில் உட்காரும், தலை கனூவுக்கு உள்ளே. எதிரே வருபவருக்கு உங்கள் கால்கள் மட்டும் தெரியும். 'பார்த்துப் பழகிய வேலைதானே' என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு. பார்த்துப் பழகியிருந்தேன். தூக்கிப் பழகவில்லை.

போன வருடம் ஜூலையில் நான், மனைவி, பதினாலு வயது மகள் மூவரும் போனோம். கனூ லேக் என்ற ஏரியில் தொடக்கம். எல்லோரும் தொடங்கும் இடம் அதுதான். நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, கனூ வாடகைக்குக் கிடைக்கிறது. டாம் தாம்சன் என்ற ஓவியர் 1917 ஜூலையில் இறந்துபோனது இந்த ஏரியில்தான். அவருடைய கனூ கவிழ்ந்து மிதந்தது, சில நாள் கழித்து உடல் கிடைத்தது. எப்படி இறந்தார் என்று நூறு வருடம் தாண்டியும் இங்கே சண்டை ஓயவில்லை. கரையில் அவருக்கு 1930இல் எழுப்பிய கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல இடமாப் பார்த்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்கப்பா" என்றாள்.

அங்கிருந்து ஜோ லேக்குக்கு 295 மீட்டர். அகலமான, சமமான பாதை. சுலபமாக முடிந்தது. அதற்கப்புறம் தூக்கும் வேலையே இல்லாமல் ஏரி, ஓடை, ஏரி என்று துடுப்புப் போட்டே டாம் தாம்சன் ஏரிவரை போய்விடலாம். ஓவியரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் இரவு அங்கே. லூன் பறவை இரவில் கூப்பிடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், யாரோ தூரத்தில் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று புரியாது. மனைவி அதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தாள். அதோடு திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஆனால் நான் வீட்டில் வரைபடத்தைப் பார்த்து, இரண்டாம் நாள் மெக்கின்டாஷ் ஏரிக்குப் போவதாக அனுமதிச் சீட்டு எடுத்திருந்தேன். நடுவில் இங்க் லேக்குக்கு ஒரு போர்ட்டேஜ். எண் 2320. "ரெண்டு கிலோமீட்டர்தானே, நம்ம வீட்டிலிருந்து தமிழ்க் கடைக்குப் போற தூரம், அரை மணி நேரம்" என்று சொன்னது நான்தான். சாட்சிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இப்போது கால்குலேட்டருக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடிந்தால் 2320 மீட்டர் என்பது 2320 மீட்டர்தான். முடியாவிட்டால் முதல் சுமையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், வெறுங்கையோடு திரும்ப வர வேண்டும், மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி போக வேண்டும். மூன்று மடங்கு. 6960 மீட்டர். மூன்று நடை என்றால் ஐந்து மடங்கு, அதை நான் எழுதப் போவதில்லை. நாங்கள் இரண்டு நடைக்காரர்கள். வாடகை குறைவு என்று நான் எடுத்திருந்த பிளாஸ்டிக் கனூ முப்பது கிலோவைத் தாண்டும். அதுபோக ஒரு ஐஸ் பெட்டி. அதுபோக, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு இரும்பு தோசைக்கல். காட்டு ஏரிக்கரையில் முறுகலாகத் தோசை சுட்டு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பாதையில் கல், வேர், சேறு, நடுநடுவே விழுந்து கிடக்கும் மரம். கனூவுக்குள் தலை இருப்பதால் முன்னால் நாலு அடிதான் தெரியும். இரண்டு கையும் கனூவைப் பிடித்திருக்கும்போது கொசு நெற்றியில் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கும், விரட்ட முடியாது. வழியில் இறக்கி வைத்தால் மறுபடி தலைக்கு மேலே ஏற்றுவது, நடப்பதைவிடக் கஷ்டம். இரண்டாம் நடையில் ஐஸ் பெட்டியை ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துக்கொண்டு வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, இது கனூ டிரிப்பா, வாக்கிங் டிரிப்பா?" மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அரை மணி நேரம் என்று சொன்னது கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆனது. அப்புறம் வளைந்து வளைந்து போகிற ஓடையில் துடுப்புப் போட்டு, மெக்கின்டாஷ் ஏரி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இங்கே ஒரு விஷயம், முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பதிவில் நமக்குக் கிடைப்பது ஏரி மட்டுமே, கூடாரம் போடும் இடம் கிடையாது. கரையில் ஆரஞ்சு நிற அடையாளம் மாட்டியிருக்கும் இடங்களில் எது காலியோ அதில் தங்கலாம், முந்தி வருகிறவருக்கு முதல் உரிமை. நல்ல இடத்திலெல்லாம் ஏற்கெனவே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது சரிவான ஒரு இடம். இரவு முழுக்க மூவரும் கூடாரத்தின் ஒரே மூலைக்கு உருண்டுகொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அதே 2320 வழியாகத் திரும்பினோம். தோசைக்கல்லைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

சரி, இந்த வருடம்.

முதலில் மே மாதம் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஏரிகளில் பனிக்கட்டி ஏப்ரல் கடைசியில், சில வருடம் மே முதல் வாரத்தில் உடைந்து கரையும். உடனே போனால் கூட்டம் இருக்காது, கொசுவும் இருக்காது. சாலையோரத்தில் மூஸ் என்ற பெரிய மானைப் பார்க்கவும் அதுதான் சமயம். குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு பள்ளங்களில் தேங்கி நிற்கும், அதைக் குடிக்க வரும். இதையெல்லாம் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு அண்ணனிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக் கடற்கரைக்காரர், இருபது வருடமாகக் கனூ ஓட்டுகிறார். கனூ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, வள்ளம்தான். முழுவதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, ஐஸ் போன உடன தண்ணியில விழுந்தா நெஞ்சை அடைச்சுப்போடும். நீந்தத் தெரியும் எண்டது அங்க உதவாது. பிள்ளையோட போகாதேயும்."

குளிர்ந்த நீரைப் பற்றி இங்கே 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் நம் சொல்லைக் கேட்கும், தப்பிக்க வேண்டியதை அதற்குள் செய்துவிட வேண்டும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். மிதவை அங்கி போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரமும் நம் கணக்கில் வரும். படகில் ஆளுக்கொரு மிதவை அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்கள் அதைப் போட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதால் பாதிப்பேர் அதை உட்காரும் மெத்தையாக்கிவிடுகிறார்கள். போன வருடம் நானும்.

மே பாதியிலிருந்து ஜூன்வரை கறுப்பு ஈ. ஓடுகிற சுத்தமான தண்ணீரில்தான் அதன் புழு வளரும் என்பதால் அது இருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். காதுக்குப் பின்னால் ரத்தம் வழியும்போது இந்தத் தகவல் ஆறுதல் தரவில்லை என்று அண்ணன் சொல்கிறார். அதற்கப்புறம் கொசு. ஆகவே ஆகஸ்ட் நடுவில் என்று முடிவாகிவிட்டது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், பூச்சி குறைந்திருக்கும்.

ஆகஸ்ட் நடுவில் போக வேண்டுமானால் மார்ச்சிலேயே பதிவு செய்ய வேண்டும். போய்ச் சேரும் தேதிக்குச் சரியாக 5 மாதம் முன்னால், காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய ஆளுக்கு அந்தப் படபடப்பு தெரியும். எந்த இரவு எந்த ஏரி என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் பனி கொட்டும் ராத்திரியில் வரைபடமும் கால்குலேட்டரும்.

மகள் முதலில் ஒரு விதி போட்டாள். ஒரு நாளில் தூக்கி நடக்கும் மொத்தத் தூரத்தை மூன்றால் பெருக்கிய பிறகு 1000 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டும் ஏரிகளை எல்லாம் பென்சிலால் அடித்தாள். வரைபடத்தில் பாதி போய்விட்டது. மிஞ்சியதில் ஸ்மோக் லேக்கில் தொடங்கி ராகெட் லேக் போகும் வழி இருந்தது. நடுவில் ஒரே போர்ட்டேஜ், 240 மீட்டர். இரண்டு இரவும் ஒரே இடத்தில். நடுநாள் கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம், வெறும் கனூவில் மூலை முடுக்கெல்லாம் சுற்றலாம், இல்லை சும்மா படுத்துக் கிடக்கலாம். போன வருடம் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லியிருப்பேன்.

ஸ்மோக் லேக்கில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான ஏரி, காற்று ஓட இடம் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பினால் அலையில் வெள்ளை நுரை தெரியும், அது தெரிந்தால் எங்களைப் போன்றவர்கள் கரையில்தான் இருக்க வேண்டும். எனவே காலை எட்டு மணிக்கெல்லாம் தண்ணீரில் இறங்க வேண்டும், கரையை ஒட்டியே போக வேண்டும். அதற்கு முதல் நாள் இரவே அந்தப் பக்கம் போய்த் தங்கிவிட வேண்டும். திரும்பும் நாளுக்கு ஒரு அரை நாள் உபரியாக வைத்திருக்கிறேன், காற்று அடித்தால் உட்கார்ந்திருக்க.

கனூ இந்த முறை கெவ்லார் என்ற லேசான, உறுதியான இழையில் செய்தது. சுமார் இருபது கிலோ. வாடகை கூடுதல்தான், ஆனால் என் தோள்பட்டைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஐஸ் பெட்டி கிடையாது. தகர டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் உட்காட்டுக்குள் கொண்டுபோகவே தடை. இதைக் கேட்டு முதலில் திண்டாடிய நாங்கள், பிறகு நம் வீட்டுச் சமையலே இதற்காகப் பிறந்ததுபோல இருப்பதைக் கண்டுபிடித்தோம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடந்த கூட்டம் நாம். புளிக்காய்ச்சல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், பருப்புப் பொடி, அவல், வறுத்த ரவை, ரசப் பொடி, அரிசி. எதற்கும் குளிர்பெட்டி வேண்டாம், எடையும் கம்மி. இரவில் உணவு எல்லாவற்றையும், பற்பசை உட்பட, ஒரே பையில் கட்டிக் கூடாரத்திலிருந்து தள்ளி மரக்கிளையில் உயரமாகத் தொங்கவிட வேண்டும். கரடி வரும். பெருங்காய வாசனைக்குக் கரடி வருமா ஓடுமா என்று வீட்டில் விவாதம் இருக்கிறது. சோதித்துப் பார்க்கும் எண்ணம் இல்லை, பெருங்காயமும் பையோடு மேலே போகும்.

உள்ளே போனால் கைபேசி வேலை செய்யாது என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கே தொடங்குகிறோம், எந்த ஏரியில் தங்குகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுக்கப் போகிறேன். போன வருடம் அப்படி ஒரு தாள் யாரிடமும் இல்லை. 2320இன் நடுவில் எனக்குக் கால் பிசகியிருந்தால் எங்களைத் தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியிருக்காது. அதை மனைவி ஜனவரியில்தான் சொன்னாள். அவ்வளவு நாள் மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

அண்ணன் தன் பங்குக்கு ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். தினமும் ஒரு பையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் போட்டு, முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். "வள்ளம் தூக்கிறது தோள் இல்லைத் தம்பி, கால்" என்கிறார். பொன்னி அரிசி மூட்டையோடு நான் ஏறி இறங்குவதை மனைவி வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். அம்மா போன் செய்து, அங்கே அரிசிக்கு ஏதாவது தட்டுப்பாடா என்று கேட்டார்.

வரும் வாரம் முன்பதிவு. காலை 6:45க்கு அலாரம் வைத்திருக்கிறேன். ராகெட் லேக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் இரண்டு ஏரிகளைக் குறித்து வைத்திருக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகள் ஒரு காகிதத்தைக் காந்தத்தால் ஒட்டியிருக்கிறாள்: 240 × 3 = 720. அதன் கீழே சின்னதாகத் தோசைக்கல் ஒன்றை வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள்.