பக்கம்தான் அம்மா

“நடந்தே போய்விடலாமா கண்ணு, இல்லை இங்கேயே உட்கார்ந்திருக்கட்டுமா?” என்று அந்த அம்மா கேட்டார். “பக்கம்தான் அம்மா. ஏரியை ஒட்டியே போனால் வந்துவிடும்” என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. 2017 ஆகஸ்ட்டில், அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. அதற்குப் பிறகு மூன்று விடுதிகளில் வேலை பார்த்துவிட்டேன். இதைவிடப் பெரிய தவறுகளையும் செய்திருக்கிறேன். கணக்கில் பிழை விட்டிருக்கிறேன், ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிட்டு நடுங்கியிருக்கிறேன். அவையெல்லாம் மறந்துபோயின. இந்த ஒரு வரி மட்டும் போக மறுக்கிறது.

அந்தக் கேள்வியை எத்தனையோ முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பாதிகள் இருந்தன. நடப்பது ஒன்று, உட்கார்ந்திருப்பது ஒன்று. உட்கார்ந்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை. லாபியில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது, சோபா காலியாக இருந்தது, தண்ணீர் இருந்தது. விடுதிக்குள்ளேயே சுற்றிவரும் ஷட்டில் பஸ் 10.10க்கு வரும் என்பது எனக்குத் தெரியும். அப்போது மணி 9.40. அரை மணி நேரம். வயதானவர்களை அரை மணி நேரம் காக்க வைப்பானேன் என்றுதான் நினைத்தேன். அவருடைய கணவர் பின்னால் சோபாவின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். முழங்கால் வலிக்காரர்கள் நிற்கும் விதம் அது. அதை அப்போதே கவனித்தேனா, பிறகு நடந்ததை அறிந்தபின் என் நினைவு அந்தக் கையைச் சோபாவின் மேல் கொண்டுபோய் வைத்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. கவனித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

டிஸ்னி போன்ற பெரிய கேளிக்கைப் பூங்காக்களைச் சுற்றியுள்ள விடுதிகளில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் விடுதி டிஸ்னியினுடையது அல்ல. அதே பாணியில் வெளியே கட்டப்பட்டது. ஏறக்குறைய இரண்டாயிரம் அறைகள், நடுவில் ஓர் ஏரி, ஏரியைச் சுற்றி ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், ஒரே மாதிரியான படிக்கட்டுகளோடு இரண்டு மாடிக் கட்டடங்கள். இரண்டு கட்டங்களாகக் கட்டியதால் எண்களும் வரிசையாகப் போகாது; 14ஆம் கட்டடத்துக்கு அடுத்தது 27. பகலிலேயே தடுமாறுவார்கள். இரவில் கேட்கவே வேண்டாம்.

பூங்காவுக்குள் இப்படி யாரும் தொலைவதில்லை. டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவின் நடுவில் 189 அடி உயரத்துக்கு ஒரு கோட்டையை நிறுத்தி, எல்லாப் பாதைகளையும் அதன் முன்னாலுள்ள வட்டத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். தலையை நிமிர்த்தினால் போதும், எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். விடுதிக்கு வந்தால் அந்தக் கோட்டை இல்லை. இதைப் புரிந்துகொண்டு கட்டிய விடுதிகளும் உண்டு. டிஸ்னியின் பாப் செஞ்சுரி விடுதியில் 2,880 அறைகள். அங்கும் கட்டடங்கள் ஒரே அச்சுதான். ஆனால் அவற்றின் மேல் மாடி உயரத்துக்கு பௌலிங் கட்டைகள், யோயோ, ரூபிக் கனசதுரம் என்று பொம்மைகளை நிறுத்தியிருப்பார்கள். குழந்தைத்தனம் என்று முகம் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் அறையைத் தேடியதில்லை என்றே சொல்வேன். 1988இல் திறந்த கரீபியன் பீச் விடுதியில் வேறு வழி கண்டார்கள். அதுவும் ஏரியைச் சுற்றி அமைந்த விடுதிதான். அங்கே கட்டடங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஜமைக்கா, அரூபா, பார்படோஸ் என்று தீவுகளின் பெயர்களை வைத்தார்கள். எண் மறந்துபோகும், ‘ஜமைக்காவில் இறங்க வேண்டும்’ என்பது மறக்காது. எங்களிடம் எண்கள் மட்டும்தான் இருந்தன. தளவரைபடம் ஒன்று உண்டு. அதுவும் அளவுக்கு வரைந்ததல்ல. ஏரியை ஒரு குட்டை போலக் காட்டும்.

இவ்வளவையும் சொல்வது பழியை வேறெங்காவது இறக்கி வைக்கத்தானோ என்று எழுதும்போதே தோன்றுகிறது. இருக்கட்டும். இவை உண்மை என்பதும் உண்மைதான்.

அவர்கள் ஈரோட்டுப் பக்கத்தவர்கள். மகன் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அன்று மகனும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் வாணவேடிக்கைக்காகப் பூங்காவிலேயே தங்கிவிட, இவர்கள் இருவரும் முன்னதாகவே விடுதியின் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அந்த பஸ் லாபி வாசலோடு சரி. முந்தின நாள் மகனின் காரில் நேராகக் கட்டட வாசலிலேயே போய் இறங்கியதால் தூரம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. என் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா என் வரிசைக்கு வந்தார். “தமிழா கண்ணு?” என்று கேட்டபோது அவர் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் மறக்கவில்லை. எட்டு மாதங்களாக நானும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கவில்லை. நான் திருநெல்வேலிக்காரன்; எங்கள் பக்கத்தில் ‘கண்ணு’ என்று அப்படி அழைப்பதில்லை. ஆனாலும் உருகிவிட்டது.

அவர்களுடைய கட்டடம் ஏரிக்கு நேர் எதிர்க்கரையில் இருந்தது. லாபியின் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதன் விளக்குகள் தண்ணீரில் விழுந்து கிடப்பது தெரியும். கையை நீட்டிக் காட்டினேன். “அதோ தெரிகிறதே, அதுதான்.” இங்கிருந்து உரக்கக் கூப்பிட்டால் அங்கே கேட்கும். எங்கள் ஊரில் இதைத்தான் கூப்பிடு தூரம் என்பார்கள். ஆனால் குரல் தண்ணீரைக் கடந்து போகும், கால் போகாது. வலப்பக்கமாகச் சுற்றினால் ஒன்றேகால் கிலோமீட்டர். இடப்பக்கமாகச் சுற்றினால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் நீச்சல் குளத்துக்கும் வண்டிகள் நிறுத்துமிடத்துக்கும் பிரியும் கிளைகள் வேறு. எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. ‘ஏரியை ஒட்டியே போனால் வந்துவிடும்’ என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. வட்டப் பாதையில் எப்படிப் போனாலும் வந்துவிடத்தான் செய்யும்.

அவர்கள் இடப்பக்கம் போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துக் காவல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. முதியவர்கள் இருவர் பாதையோரத் திண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆங்கிலம் அதிகம் வரவில்லை, அவர்கள் மொழி தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். பாட்டரி வண்டியில் ஏற்றி லாபிக்கே கொண்டுவந்தார்கள். விழவில்லை, அடிபடவில்லை. அந்த ஐயாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அந்த அம்மா செருப்பைக் கையில் வைத்திருந்தார். ஃபிளோரிடாவின் ஆகஸ்ட் இரவு. காற்றே இல்லாத புழுக்கம். இருவருடைய உடைகளும் வியர்வையில் ஒட்டியிருந்தன. ஏரிக்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்று உண்டு. அந்த மாநிலத்தில் பல ஏரிக்கரைகளில் பார்க்கலாம். நாங்கள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவர்கள் தண்ணீர்ப் பக்கத்தை விட்டுவிட்டு உள்பாதையில் நடந்திருக்கிறார்கள். ஏரியை ஒட்டிப் போங்கள் என்று நான் சொன்ன ஒரே அடையாளமும் அங்கேயே போய்விட்டது.

“பக்கம் என்று சொன்னீர்களே தம்பி” என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை. ஏதோ சரிபார்த்துக்கொள்வதுபோலக் கேட்டார். கண்ணு போய்த் தம்பி வந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். பழச்சாறு வரவழைத்தேன், ஐஸ் கட்டிப் பை கொடுத்தேன், அதே வண்டியில் அறை வாசல்வரை கூடவே போனேன். வழியில் அந்த ஐயாதான் என்னைச் சமாதானப்படுத்தினார். “பரவாயில்லைங்க தம்பி, நாங்கள்தான் திரும்பி வந்து கேட்டிருக்க வேண்டும்.” அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த வண்டி 9.40க்கும் அங்கேதான் நின்றிருந்தது. சாமான் ஏற்றும் பையன்களின் மேசைக்கு ஒரு போன் செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் வந்திருக்கும். ஏன் செய்யவில்லை? அந்த அம்மாவின் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஆர்ஜெண்டினாவிலிருந்து ஒரு குழு வந்து சாவி அட்டைகளுக்காகக் காத்திருந்தது. ‘தூரம்’ என்ற சொல்லையே விருந்தினரிடம் பயன்படுத்தக் கூடாது என்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். லாபிக்கு அருகிலுள்ள அறைகளுக்குக் கூடுதல் கட்டணம். தூரம் என்று சொன்னால் இடம் மாற்றித் தரச் சொல்லி ஒரு தகராறு தொடங்கும். இந்தக் காரணங்களை அன்றிரவே மேலாளரிடம் அடுக்கினேன். அவரும் ஏற்றுக்கொண்டார். அறிக்கையில் என் பெயரே இடம்பெறவில்லை.

ஆனால் இவை எதுவும் காரணமல்ல என்று எனக்குத் தெரியும். அதே வரிசையில், அதே நெரிசலில், அன்று மாலை மட்டும் குறைந்தது முப்பது பேருக்கு நான் வழி சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வரைபடத்தை எடுத்து விரித்தேன். லாபியைச் சுற்றி ஒரு வட்டம், கட்டடத்தைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் மஞ்சள் கோடு. நடந்தால் இத்தனை நிமிடம், பஸ் இத்தனை மணிக்கு என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எனக்கு அந்த ஒரே பாட்டுத்தான் தெரியும். ஆகவே அதைச் சரியாகப் பாடினேன். இந்த அம்மாவுக்கு வரைபடத்தை எடுக்கக்கூட இல்லை. நம் ஊர் அம்மாவிடம் காகிதத்தை நீட்டுவது அவரைத் தள்ளி நிறுத்துவதுபோல இருந்திருக்க வேண்டும். வாயில் வந்தது, எங்கள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி வழிப்போக்கர்களுக்குச் சொல்லும் சொல். பக்கம்தான். அவருக்கு எல்லாமே பக்கம்தான். மூன்று மைல் தள்ளியிருக்கும் கோயிலும் பக்கம்தான்.

தாத்தா யாரையும் ஏமாற்றவில்லை. அவர் சொன்னது தூரக் கணக்கே அல்ல, தைரியம். அது அந்த ஊரில் செல்லுபடியானது, ஏனென்றால் அடுத்த திருப்பத்தில் ஒரு டீக்கடை இருக்கும், அதற்கடுத்து ஆடு மேய்க்கும் பையன் இருப்பான், அங்கே இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம். ‘பக்கம்தான்’ என்பதற்கு ‘அடுத்த ஆள் மீதியைச் சொல்வார்’ என்று பொருள். அந்த ஏரிக்கரைப் பாதையில் இரவு பத்து மணிக்கு அடுத்த ஆள் இல்லை. நான்தான் கடைசி ஆள். அதை நான் உணரவில்லை.

இப்படி எழுதும்போது விடை கிடைத்துவிட்டதுபோல இருக்கிறது. ஆனால் முழுதாக நம்ப முடியவில்லை. அன்புதான் தவறு செய்ய வைத்தது என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதே என் சந்தேகம். தாய்மொழியில் பேசுபவர் புகார் கொடுக்கமாட்டார் என்ற நிச்சயம் எங்கோ உள்ளே இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் கேட்டவர்களிடம் இருந்த பயம் இவரிடம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் கவனமும் இல்லாமல் போனது. எது உண்மை? இரண்டுமே என்று சில நாட்கள் தோன்றும். இரண்டாவது மட்டும்தான் என்று சில நாட்கள்.

அதன் பிறகு எல்லோரிடமும் நிமிடக் கணக்கு மட்டுமே சொல்லத் தொடங்கினேன். முதியவர்களுக்கு அதை இரண்டால் பெருக்கிச் சொன்னேன். ஒரு முறை ஒரு பெரியவரிடம் ‘நாற்பது நிமிடம்’ என்றேன். பஸ் வரும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்து வந்து அன்று இரவு உணவு சாப்பிடவே இல்லை என்று அவருடைய மகள் மறுநாள் வந்து சொன்னாள். 2019 செப்டம்பரில் கரீபியன் பீச்சை மையமாக வைத்து டிஸ்னி கேபிள் கார் தொடங்கிய செய்தியைச் சென்னையில் இருந்தபடி படித்தேன். விடுதியிலிருந்து பூங்காவுக்கு வானத்திலேயே போய்விடலாம். இறங்கியபின் அறைவரை நடக்கத்தான் வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மறுநாள் காலை அந்த அம்மா தனியாக லாபிக்கு வந்தார். மகன் குடும்பம் இன்னும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். என் வரிசையில் யாருமே இல்லை. பக்கத்து மேசையில், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த சக ஊழியரின் முன்னால் நான்கு பேர் நின்றார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார், தலையசைத்தார், போய் ஐந்தாவது ஆளாக அந்த வரிசையில் நின்றார். முறை வந்ததும், கூட்டிக் கூட்டி ஆங்கிலத்தில், “மேப் ப்ளீஸ்” என்றார். பிறகு சாவி உறையில் எழுதியிருந்த கட்டட எண்ணைக் காட்டி, “வாக்கிங், ஹவ் மெனி மினிட்ஸ்?” என்று கேட்டார். அந்தப் பெண் வரைபடத்தை விரித்து வட்டம் போட்டு, கோடு இழுத்து, “இருபத்தைந்து” என்றாள். ஓரத்தில் பஸ் நேரத்தை எழுதினாள்.

அந்த அம்மா அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். பஸ் வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேசையிலிருந்து அந்த நிறுத்தம் இருபது அடிகூட இருக்காது.