பழைய ஸ்கேனை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது

தங்கைக்குச் சிறுநீரகக் கல். வலி வந்த இரவே ஊரில் சிடி ஸ்கேன் எடுத்து, மருந்தும் வாங்கியாகிவிட்டது. சிக்கல் ஆரம்பித்தது மதுரைக்குப் போனபோதுதான். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே இன்னொரு சிடிக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள். இப்போதுதானே எடுத்தோம் என்று பிலிமைக் காட்டினேன். "வெளி பிலிம் செல்லாதுங்க, இங்க எடுத்தாத்தான் டாக்டர் பார்ப்பார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். அவள் கர்ப்பமாக இருக்கிறாளா என்றுகூட யாரும் கேட்கவில்லை. வயிறும் இடுப்பும் முழுக்கக் கதிர்வீச்சு படும் ஸ்கேனுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பணம் கட்டாமல் வெளியே வந்தோம்.

பிலிமில் படங்கள் பொடிப்பொடியாக இருக்கும், கல்லைச் சரியாக அளக்க முடியாது. அது நியாயம்தான். ஆனால் முழுப் படங்களும் உள்ள டிஸ்க் இருந்தால் போதுமே? அதைக் கேட்கப் பழைய சென்டருக்குப் போனால், "அன்னிக்கே கேட்டிருக்கணும், இந்நேரம் அழிஞ்சிருக்கும்" என்று பதில். மறுபடி போனோம், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றார்கள். கடைசியில் நேரே டெக்னீஷியனிடம் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் டிஸ்க் கையில்!

அதில் கதிர்வீச்சு அளவைக் காட்டும் டோஸ் பக்கமும் இருந்தது. ஸ்கேன் முழுக்க எவ்வளவு கதிர்வீச்சு போனது என்பதைக் காட்ட, டிஎல்பி என்று ஓர் எண் இருக்கும். வயிற்று ஸ்கேன் என்றால் அதை 0.015 ஆல் பெருக்கினால் உடம்பில் பட்ட கதிர்வீச்சு மில்லிசீவர்ட் என்ற அலகில் தோராயமாக வரும். இவளுக்கு 640, அதாவது 9.6. இயற்கையில் நம்மீது படுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 தான். கல்லுக்கென்றே உள்ள குறைந்த அளவு சிடியை 4க்குள் முடிக்கலாம். இவளோ மெலிந்த உடம்பு, குறைந்த அளவே போதும். ஒரு ஸ்கேனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது தெரியும். தேவையில்லாமல் இரண்டாவது எதற்கு என்பதுதான் என் கேள்வி.

எண் பதிவானால் மட்டும் போதாது, யாராவது அதைப் பார்க்கவும் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் சீடார்ஸ்-சினாய் மருத்துவமனையில் மூளை ஸ்கேனில் 200க்கும் மேற்பட்டோருக்கு வழக்கத்தைவிட எட்டு மடங்கு கதிர்வீச்சு போயிருக்கிறது. 18 மாதம் யாரும் கவனிக்கவில்லை. முடி கொட்டியதாக ஒரு நோயாளி சொன்ன பிறகுதான், 2009இல், வெளியே வந்தது.

டிஸ்க்கோடு வேறொரு யூராலஜி டாக்டரிடம் போனோம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, அவரே கல்லை அளந்தார். "இன்னொரு சிடி வேண்டாம்மா, அடுத்த தடவை அல்ட்ராசவுண்டும் ஒரு எக்ஸ்ரேயும் போதும்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதனால் பில் கட்டும்போதே டிஸ்க்கும் டோஸ் பக்கமும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். குழந்தை என்றால், குழந்தைக்கான செட்டிங்கில்தான் எடுக்கிறார்களா என்று டெக்னீஷியனிடமே கேளுங்கள். தலையில் அடி, விபத்து போன்ற அவசரத்தில் மட்டும் இதையெல்லாம் கேட்டு நேரம் போக்காமல் உடனே எடுத்துவிடுங்கள். டிஸ்க்கை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.