எட்டிலிருந்து பதினொன்று

கிட்டார் சொல்லித்தர ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. முதல் நான்கு வருஷம் மைனர் ஸ்கேலை, அதாவது சோகச் சாயல் உள்ள மேற்கத்திய சுர வரிசையை, தப்பாகத்தான் சொல்லித்தந்தேன்.

முதல் வகுப்பிலேயே தாளில் கட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஆறாவது தந்தியில் 5, 7, 8வது ஃப்ரெட்டுகள் (கிட்டார் கழுத்தில் விரல் அழுத்தும் இடங்கள்). ஐந்தாவதிலும் 5, 7, 8. நான்காவதில் 5, 7. ஏ சுரத்தில் தொடங்கும் நேச்சுரல் மைனர் (மைனரின் அடிப்படை வடிவம்) ஓர் ஆக்டேவ், அதாவது கீழ் சா முதல் மேல் சா வரை, முடிந்தது. ஏழாவது சுரத்தை மட்டும் அரைச் சுரம் உயர்த்திய ஹார்மோனிக் மைனர் என்றால் நான்காவது தந்தியில் 5க்குப் பதில் 6. பிள்ளைகள் ஒரே வாரத்தில் கடகடவென்று வாசிப்பார்கள், கிரேடு தேர்விலும் தேறிவிடுவார்கள். எனக்கும் அது போதும் என்றிருந்தது.

மயிலாப்பூர் வகுப்பில், கர்நாடகப் பாட்டுப் படித்துக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். ஹார்மோனிக் மைனரை வாசித்துவிட்டு, "சார், இது கீரவாணி ராகத்து சுரம்தானே? ஆனா கையில அப்படித் தெரியலையே" என்றாள். பாடிக் காட்டச் சொன்னேன். தைவதத்திலிருந்து (த) நிஷாதத்துக்கு (நி) அவள் குரல் ஒரு தாவு தாவியது. அந்தத் தாவல் எங்கள் இருவர் விரலிலும் இல்லை.

அன்று ராத்திரி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபோது காரணம் புரிந்தது. எஃப் சுரம் ஐந்தாவது தந்தியின் 8வது ஃப்ரெட்டில். ஜி ஷார்ப் நான்காவது தந்தியின் 6வது ஃப்ரெட்டில். சுரம் மேலே ஏறுகிறது, கையோ பின்னால் வருகிறது. தந்தி மாறுவதில் தூரம் ஒளிந்துகொள்கிறது.

அடுத்த வகுப்பில் ஐந்தாவது தந்தி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். திறந்த தந்தி, பிறகு 2, 3, 5, 7, 8, 10, 12. இது நேச்சுரல் மைனர், நடபைரவி ராகத்தின் சுரங்கள். பத்தைப் பதினொன்றாக்கினால் கீரவாணி. எட்டிலிருந்து பதினொன்றுக்குக் கை ஓடியே ஆக வேண்டும்; அங்கிருந்து ஏ சுரம் ஒரே ஃப்ரெட்தான். ஈ மைனர் கார்டிலிருந்து (கார்டு என்றால் ஒன்றாக மீட்டும் சுரங்கள்) ஏ மைனருக்குப் போய்ப் பாருங்கள். பிறகு மூன்றாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டையும் அழுத்தி, ஈ மேஜராக்கிப் போங்கள். அந்த ஜி ஷார்ப்தான் நம்மை வீட்டுக்கு, அதாவது ஏ சுரத்துக்கு, இழுக்கிறது.

மைனரின் மூன்றாவது வகையான மெலடிக் மைனர் ஏறும்போது கௌரிமனோகரி ராகத்தின் சுரங்கள், இறங்கும்போது நேச்சுரல் மைனர். அதைச் சொன்னதும் அவள், "பைரவி ராகத்துல ஏறும்போதும் இறங்கும்போதும் தைவதம் மாறுமே, அது மாதிரியா சார்?" என்றாள். அசந்துபோனேன். கமகம் (சுரத்தை அசைத்து இழைத்துப் பாடுவது) இல்லாமல் ராகம் இல்லை, ஸ்கேலும் ராகமும் ஒன்றல்ல என்பதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது கட்டத் தாளை நான்காம் வாரம்தான் வெளியே எடுக்கிறேன். அதுவரை ஒரே தந்தி, கூடவே வாய்ப்பாட்டு. "எனக்குப் பாட வராது சார்" என்று தயங்கிய ஐடி ஊழியர் ஒருவர் போன வாரம் எட்டாவது ஃப்ரெட்டில் நின்றார். மெல்ல முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, ஃப்ரெட்டைப் பார்க்காமலே பதினொன்றுக்குப் போனார்.