செத்தவன் காதலைப் புத்தகமாக்கிய அனுபவம்

அமெரிக்க எழுத்தாளர் ஐசக் மேரியனின் 'வார்ம் பாடீஸ்' 2010இல் நாவலாக வந்தது, 2013இல் படமானது. செத்தும் நடமாடுகிற ஒரு ஜாம்பி உயிருள்ள பெண்ணைக் காதலிக்கிறான். கதையைச் சொல்வதும் அவன்தான். மேரியன் கல்லூரிப் படி ஏறாதவர். இணையத்தில் எழுதிய ஒரு சிறுகதையைத்தான் பிறகு நாவலாக வளர்த்தார். அதைப் படித்த தைரியத்தில் நானும் ஒன்று எழுதினேன். அவருடைய ஆள் பாழடைந்த விமான நிலையத்தில் திரிகிறான். என் ஆள் திருப்பூரில் மோட்டார் மிஷினில் தைக்கும் பவர் டேபிள் டெய்லர், செத்த பிறகும் ஷிப்டு நேரத்துக்குச் சரியாக வந்து மிஷினில் உட்காருகிறான். பதிப்பகம் எதுவும் அசையவில்லை. சரி, நாமே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். எப்படிச் செய்தாய் என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் கவலை, காப்பி என்று யாராவது கிளம்பினால்? தெரிந்த வக்கீல் ஒருவர் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கைச் சொன்னார். வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கும் விதத்துக்குத்தான் என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேரியனின் ஜாம்பிக்குப் பெயர் ஆர், பெண் ஜூலி. ரோமியோவும் ஜூலியட்டும்தான், வேறு யார்? அவரே ஷேக்ஸ்பியரிடம் எடுத்திருக்கும்போது நமக்கென்ன என்று விட்டேன். காப்புரிமைப் பதிவும் கட்டாயமில்லை, எழுதியதுமே உரிமை வந்துவிடும். வேண்டுமென்றால் 500 ரூபாய் கட்டிப் பதியலாம்.

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தின் அடையாள எண். அதற்கு ஏஜென்ட் பிடித்துப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமையின் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறார்கள். எழுதுபவரே வெளியிடுவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அடையாள அட்டை, அட்டைப்படம் எல்லாம் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

உண்மையான பாடு அச்சகத்தில். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி அண்ணன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, பேய்க் கதைங்களா?"

"பேய் இல்லீங்கண்ணா, ஜாம்பி. 'மிருதன்' படத்துல வருமே."

"அதுங்களா. இவன் யாரையுங் கடிக்கக் காணோமே?"

"லவ் ஸ்டோரிங்கண்ணா."

"செத்தவனுக்கு எதுக்குங்க லவ்வு?"

நான் யூனிகோடில் தட்டியிருந்தேன், அவரிடம் இருந்தது யூனிகோடு தெரியாத பழைய பேஜ்மேக்கர் மென்பொருள். எழுத்துருவை மாற்றியதும் கிரந்த எழுத்தெல்லாம் கலைந்துபோனது. ஜாம்பி என்று எழுதிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது, அதுவும் என் புத்தகத்தில்! இன்டிசைன் வைத்திருக்கும் இன்னொரு கடைக்கு மாறினேன். அங்கே முதல் ப்ரூஃபில் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தன. எழுத்துகளை வரியில் அடுக்கும் வசதிக்குக் கம்போசர் என்று பெயர், அதில் இந்திய மொழிகளையும் கையாளும் 'வேர்ல்டு-ரெடி' வகையைத் தேர்ந்தெடுத்ததும் சரியாயிற்று. மெய்யெழுத்தில் தொடங்கும் வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

பிழை திருத்தியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். சந்தியெல்லாம் தங்கமாகப் பார்த்தார். கூடவே என் ஜாம்பியின் திக்கலையும் திருத்திவிட்டார். 'போ...கா...தே' என்று அவன் முக்கி முனகிச் சொல்வதெல்லாம் சிவப்பு மையில் 'போகாதே' ஆகியிருந்தது. செத்தவன் பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். நேரில் போய் விளக்கினேன். "அப்ப அவனுக்குப் பேச்சு வரவர புள்ளி கொறையோணும்ல?" என்றார். கதையே அதுதான். மனுஷன் ஒரே வரியில் பிடித்துவிட்டார். இரண்டாம் முறை அவரே புள்ளிகளை எண்ணிக் குறைத்துக் கொடுத்தார்.

அடுத்தது பாரக் கணக்கு. ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் 16 பக்கம் ஒரு பாரம். எனக்கு 211 பக்கம் வந்தது, 208க்குள் அடங்கினால் 13 பாரத்தோடு முடியும். ஜாம்பி தன் சூப்பர்வைசரை நினைத்துப் புலம்புகிற மூன்று பக்கத்தை வெட்டினேன். போனால் போகட்டும், நானே எழுதியதென்றாலும் அறுவை.

அச்சானதும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு பொது நூலகங்களுக்கு நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். 1954ஆம் வருடச் சட்டம். மீறினால் 50 ரூபாய் வரை அபராதம், அதோடு புத்தகத்தின் விலை. தபால் செலவைப் பார்த்தால் அபராதம் பரவாயில்லை போலிருக்கும், ஆனாலும் அனுப்பிவிடுங்கள். கன்னிமாராவில் நம் புத்தகம் இருக்கிறது என்றால் சும்மாவா?

அமேசானின் மின்னூல் கடையான கிண்டில் சுலபம். தமிழை ஏற்றுக்கொள்கிறது, ஐஎஸ்பிஎன் கேட்பதில்லை. 90 நாள் வேறெங்கும் மின்னூலாக விற்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் இந்திய விற்பனையில் 70 சதவீதம் ராயல்டி கிடைக்கும், இல்லையென்றால் 35.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் தனி ஆளாக அரங்கு எடுக்கும் வசதி எனக்கில்லை. கழிவு பேசி ஒரு பதிப்பாளரின் அரங்கில் வைத்தேன். முதல் நாள் போய்ப் பார்த்தால் மாந்திரீகப் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது. குடும்ப நாவல் வரிசைக்கு மாற்றச் சொன்னேன், அரை மனதோடு மாற்றினார்கள். அங்கேதான் நகர ஆரம்பித்தது. வாங்கியவர்களில் பாதிப்பேர் அட்டையிலிருந்த தையல் மிஷினைப் பார்த்து எடுத்தவர்கள். "நம்மூர் கதைங்களா?" என்று கேட்டார்களே தவிர, ஆள் செத்தவன் என்பதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. கணக்கைத் தீபாவளி கழித்து முடித்துக் கொள்ளலாம் என்றிருக்கிறார்கள்.